குறைமாதக் குழந்தையும் தாயின் மார்பும்

உரிய மாதம் நிறையுமுன்னே உலகுக்கு வந்துவிட்ட குழந்தையைக் கண்டவர் எவரும் அக்காட்சியை எளிதில் மறப்பதில்லை. கைவிரல்கள் தீக்குச்சியளவே இருக்கும். தோலோ, அடியில் ஓடும் இரத்த நாளங்கள் தெரியும்படி மெலிந்திருக்கும். அழுகைக் குரல் பூனைக்குட்டியின் குரலினும் தாழ்ந்து ஒலிக்கும். "பிழைக்குமா?" என்று பெற்றவர்கள் கேட்டால், மருத்துவரும் உடனே விடை சொல்லத் தயங்குவர். அத்தகைய குழந்தைகளைக் காப்பதற்கு மனிதர் கண்ட வழிகளின் வரலாற்றை நாம் இங்கே சிறிது ஆராய்வோம். கருவிகளின் வரலாறு இதில் ஒரு பாதியே. குழந்தையைக் காக்கும் பொருட்டு ஈன்ற தாயை அறைக்கு வெளியே நிறுத்தியதும், ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின் அவளையே உள்ளே அழைத்துக் குழந்தையை அவள் மார்பில் சேர்த்ததும் மற்றப் பாதி.

முதலில் சில இலக்கணங்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கருவுற்ற 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். பிறக்கும்பொழுது 2,500 கிராமுக்குக் குறைவாக இருப்பதை எடை குறைந்த குழந்தை என்கிறோம். மாதம் நிறைந்தும் எடை குறைந்து பிறப்பவை உண்டு. இரு குறையும் ஒருங்கே உடையவையும் பல. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடி 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனவென்று கணக்கிட்டிருக்கின்றனர். அவற்றுள் சுமார் 30 இலட்சம் நம் இந்திய நாட்டில் பிறந்தவை. எனவே இது நமக்கு அயலான செய்தியன்று.

இக்குழந்தைகளுக்குப் பகை மூன்று. முதலாவது குளிர். தோலின் அடியில் கொழுப்பு மிகக் குறைவு. எடையோடு ஒப்பிட உடலின் மேற்பரப்போ மிகுதி. ஆகவே உள்ளிருக்கும் சிறிது வெப்பமும் விரைவில் வெளியேறிவிடுகிறது. உடல் குளிர்ந்தால் மூச்சும் தளர்கிறது. உண்ட பாலெல்லாம் வெப்பம் உண்டாக்குவதிலேயே செலவாகிறது. இரண்டாவது பசி. உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருங்கே கற்றிராத வாய்க்குப் பால் ஊட்டுவது எளிதன்று. மூன்றாவது நோய்த்தொற்று. தாயின் உடலிலிருந்து வரவேண்டிய எதிர்ப்பாற்றல் முழுவதும் வந்து சேருமுன் பிறந்துவிட்டமையால், பிற குழந்தைகளைச் சிறிதே வருத்தும் கிருமி இவற்றின் உயிரையே வாங்கிவிடுகிறது. இனி நாம் சொல்லப்போகும் முயற்சிகள் யாவும் இம்மூன்று பகைகளோடும் நிகழ்ந்த போராட்டமே.

முற்காலத்தில் கம்பளியும் பஞ்சும் அடுப்பின் அண்மையுமே குறைமாதக் குழந்தைக்குக் கிடைத்த காவல். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் பெரிய பிரசவ விடுதிகள் தோன்றிய பிறகு, இக்குழந்தைகளின் சாவு எண்ணிக்கையாகக் கண்முன் நின்றது. பாரிஸ் நகரத்துப் பிரசவ மருத்துவமனையில் பணிபுரிந்த ஸ்தெஃபான் டார்னியே என்னும் மருத்துவர், 1878-இல் அந்நகரத்து விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்றார். ஆங்கே கோழிமுட்டைகளைச் செயற்கை வெப்பத்தால் பொரிக்கும் பெட்டி ஒன்றைக் கண்டார். முட்டைக்கு உதவுவது குழந்தைக்கு உதவாதா என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. அப்பெட்டியைச் செய்த ஒதீல் மார்த்தான் என்பவரைக் கொண்டே குழந்தைகளுக்கு ஏற்ற பெட்டி ஒன்றைச் செய்வித்தார். இரட்டைச் சுவர், இடையே மரத்தூள், கீழே வெந்நீர்த் தொட்டி, மேலே குழந்தைகள் படுக்கும் அறை. 1880-இல் இது மருத்துவமனையில் இடம்பெற்றது. இன்று இன்குபேட்டர் என்று வழங்கும் அடைகாப்புப் பெட்டியின் முன்னோடிகளுள் புகழ்பெற்றது இதுவே.

பயன் வியக்கத்தக்கதாயிருந்தது. 2,000 கிராமுக்கு உட்பட்ட குழந்தைகளுள் முன்பு நூற்றுக்கு 66 இறந்துகொண்டிருந்தன; பெட்டி வந்தபின் நூற்றுக்கு 38 ஆகக் குறைந்ததென்று 1883-இல் அவருடைய மாணாக்கர் வெளியிட்ட கணக்கு கூறுகிறது. அக்காலத்தில் இதனினும் பெரிய வெற்றியை எவரும் எதிர்பார்த்திருக்க இயலாது. ஆகவே அடைகாப்புப் பெட்டியைக் குறை கூறும் நோக்கம் நமக்கில்லை. அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது. இன்றும் காத்து வருகிறது.

ஆயினும் பெட்டியோடு ஒரு பிரிவும் பிறந்தது. குழந்தை ஓரிடம், தாய் ஓரிடம் என்று ஆயிற்று. இதன் தீங்கை முதலிலேயே கண்டுகொண்டவர் டார்னியேயின் மாணாக்கரும், பின்னர் அவருக்குப்பின் புகழ்பெற்றவருமான பியேர் புதேன். தன் குழந்தைக்குப் பாலூட்டவும் பணிசெய்யவும் வாய்ப்பற்ற தாய், நாளடைவில் அக்குழந்தையின்பால் பற்றிழந்துவிடுகிறாள் என்பதை அவர் உணர்ந்தார். குழந்தை பிழைத்தும் தாய் அதைத் தேடி வராத நிலை உண்டாவதைக் கண்டார். எனவே பெட்டியைத் தாயின் கட்டிலருகிலேயே வைப்பது நலம் என்றும், தாய்ப்பாலே சிறந்த உணவென்றும் 1900-இல் வெளிவந்த தமது நூலில் வற்புறுத்தினார். அவ்வறிவுரையின் முற்பகுதியை உலகம் பல்லாண்டுகள் மறந்தே போயிற்று.

மறந்ததற்குக் காரணங்கள் இருந்தன. அடைகாப்புப் பெட்டி வெகு விரைவில் காட்சிப் பொருளாயிற்று. 1896-இல் பெர்லின் நகரப் பொருட்காட்சியில் உயிருள்ள குறைமாதக் குழந்தைகளைப் பெட்டிகளில் வைத்துக் காட்டினர். அதனோடு தொடர்புடைய மார்ட்டின் கூனி என்பவர் அமெரிக்கா சென்று, நியூயார்க்கின் கோனித் தீவுக் கேளிக்கைத் திடலில் 1903 முதல் 1943 வரை இத்தகைய காட்சியை நடத்தினார். மக்கள் 25 சென்ட் கட்டணம் கொடுத்து வரிசையாக நின்று பார்த்துச் சென்றனர். அக்கட்டணத்தைக் கொண்டே குழந்தைகளுக்குச் செவிலியரும் பாலும் ஏற்பாடாயின. பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கப்படவில்லை. மருத்துவமனைகள் கைவிட்ட பல குழந்தைகள் அங்கே பிழைத்தன என்பது மறுக்கவியலாத உண்மை. ஆனால் பெட்டியும் செவிலியருமே குழந்தையைக் காப்பவர். தாய் கண்ணாடிக்கு இப்பால் நின்று காணும் பலருள் ஒருத்தி என்னும் எண்ணமும் அக்காட்சியால் ஊரெங்கும் பரவிற்று.

பிறகு மருத்துவமனைகளே இப்பணியை மேற்கொண்டன. கிருமிகளைப் பற்றிய அறிவு வளர வளர, கிருமியச்சமும் வளர்ந்தது. வெளியார் எவரும் உள்ளே வரலாகாது என்று விதித்தனர். வெளியாருள் பெற்ற தாயும் ஒருத்தியாகிவிட்டாள்! வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில், கண்ணாடிச் சன்னல் வழியே மட்டும் குழந்தையைக் கண்டு திரும்பிய தாய்மார் மேலைநாடுகளில் பல்லாயிரவர். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவர் சிலர், கைகழுவித் தூய மேலங்கி அணிந்த தாய்மாரை உள்ளே விட்டுப் பார்த்தனர். நோய்த்தொற்று மிகவில்லை. இச்செய்தியை அவர்கள் 1970-இல் வெளியிட்டனர். கதவு சிறிது திறந்தது. ஆயினும் தாய் பெட்டியின் துளைவழியே கைநீட்டித் தொடும் அளவோடு நின்றது.

கதவை முழுவதும் திறந்தது செல்வ நாடொன்றின் ஆய்வுக்கூடமன்று. வறுமையில் உழன்ற ஒரு மருத்துவமனை. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரமான பொகோட்டா, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் அமைந்தது. பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருந்தும், உயரத்தின் காரணமாக இரவில் குளிர் மிகும். அந்நகரத்துத் தாய் சேய் நல மருத்துவ நிலையத்திற்கு ஏழைப் பெண்களே மிகுதியாக வந்தனர். அடைகாப்புப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த நேர்ந்தது. ஒன்றன் நோய் மற்றொன்றைப் பற்றிற்று. வாரக்கணக்கில் பிரிந்திருந்த தாய்மாருள் சிலர் குழந்தையை விட்டுவிட்டே சென்றனர். புதேன் பாரிஸில் கண்ட அதே துயரம் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப்பின் ஆண்டீஸ் மலைமேல் மீண்டும் தோன்றியது.

1978-இல் அந்நிலையத்தின் குழந்தை மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா துணிவான ஒரு முடிவு செய்தார். முதல் இடர் நீங்கி, மூச்சு ஒழுங்குபட்டு, பால் பருகத் தொடங்கிய குழந்தைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அரைத்துணியும் தலைக்குல்லாயும் தவிர வேறு உடையின்றித் தாயின் இரு மார்புகளுக்கிடையே நிமிர்த்தி வைத்து, அவள் மேலாடைக்குள் துணியால் கட்டுவித்தார். இரவும் பகலும் குழந்தை அங்கேயே இருந்தது; தாய்ப்பாலே உணவாயிற்று. எடை இவ்வளவு ஏறியபின்னரே வீடு செல்லலாம் என்னும் பழைய விதியையும் அவர் தளர்த்தினார். தாயும் சேயும் நலமாயிருந்தால் வீட்டுக்கு அனுப்பி, குறித்த நாட்களில் வரவழைத்துச் சோதிக்கலானார். அடுத்த ஆண்டு எக்டர் மார்ட்டினெஸ் கோமெஸ் என்னும் மருத்துவர் அவரோடு சேர்ந்து இம்முறையை வளர்த்தார். மார்போடு அணைத்தல், தாய்ப்பால் ஊட்டல், விரைவில் வீட்டுக்கு அனுப்பித் தொடர்ந்து கண்காணித்தல் ஆகிய இம்மூன்றுமே அன்றுமுதல் இன்றுவரை இம்முறையின் மூன்று கால்கள்.

இதற்குக் கங்காரு முறை என்று பெயர் ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவின் செங்கங்காரு ஈனும் குட்டி ஒரு கிராம் எடைகூட இராது. கண் திறவாத அக்குட்டி தாயின் வயிற்று மயிரைப் பற்றி ஊர்ந்து, பைக்குள் புகுந்து, முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு பல மாதம் அங்கேயே வளர்கிறது. குறைமாதப் பிறவியே அவ்வினத்தின் இயல்பு என்று சொல்லலாம். இப்பெயரைத் தமிழாக்குவோர் பொதுவாகக் 'கங்காரு தாய்ப் பராமரிப்பு' என்று எழுதுகின்றனர். பொருளில் பிழையில்லை. ஆனால் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. அது 'மடி' என்பது. தாய் குழந்தையைக் கிடத்தும் இடம் மடி. பசுவுக்குப் பால் சுரக்கும் உறுப்பும் மடி. இடுப்புச் சேலையை மடித்துப் பொருள் வைக்கும் பையும் மடி. 'மடியில் கனம், வழியில் பயம்' என்னும் பழமொழியில் வருவது இம்மூன்றாவது மடியே. காப்பிடம், பால், பை ஆகிய மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கிய மொழியைப் பேசுவோருக்கு, கங்காருவை நேரில் காணாவிடினும் இம்முறை எளிதில் விளங்கும்.

புதிய முறையைப் பற்றிய செய்தி 1980-களில் பல நாடுகளுக்கும் பரவியது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் அதைப் பரப்பத் துணைபுரிந்தது. பெருஞ்சாவை ஒரு துணிக்கட்டு நிறுத்திவிட்டதென்றே சிலர் எழுதினர். அப்பொழுது எழுந்த ஐயக் குரலையும் நாம் மறைத்தல் கூடாது. ஆண்ட்ரூ வைட்லா என்னும் ஆங்கிலேய மருத்துவர் தம் துணைவர் ஒருவருடன் பொகோட்டா சென்று நேரில் கண்டு, 1985-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். முறையின் அன்பையும் எளிமையையும் அவர் பழிக்கவில்லை, கணக்கையே கேட்டார். எடுத்துக்காட்டாக, 100 குழந்தைகள் பிறந்து, 30 குழந்தைகள் முதலிரு நாட்களிலேயே இறந்து, எஞ்சிய 70 மட்டுமே தாயின் மார்புக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் 65 பிழைத்தன என்பதைக் கொண்டு, முன்னாளில் பிறந்த அத்தனைக் குழந்தைகளின் கணக்கோடு ஒப்பிடுவது முறையாகுமா? வலுவற்றவை முன்னரே இறந்துவிட்டமையால், எஞ்சியவை பிழைப்பது இயல்பன்றோ? இதுவே அவருடைய வினா.

இவ்வினா நேர்மையானது. மேலும், வினாவை எழுப்பியதோடு அவர் அமரவில்லை. இலண்டனில் தாமே சோதனை நடத்தி, குழந்தையை மார்போடு அணைத்த தாய்மார் மற்றவரினும் நெடுநாள் பாலூட்டினர் என்று 1988-இல் வெளியிட்டார். ஐயுற்றவரே ஆய்ந்து, கண்ட நன்மையை ஒளிக்காமல் கூறியது விஞ்ஞான மரபுக்குப் பெருமை தருவதாகும். அன்பு உண்டு என்பதால் மட்டும் ஒரு முறை மருந்தாகிவிடாது. உயிர் காக்கிறதா என்று எண்ணிப் பார்த்தே சொல்லவேண்டும்.

எண்ணிப் பார்க்கும் பணி தொடர்ந்தது. ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில் மனாமா என்னும் சிற்றூர் மருத்துவமனையில் அடைகாப்புப் பெட்டியே கிடையாது. ஆங்கே நில்ஸ் பெர்க்மன் என்ற மருத்துவரும் ஆக்னெட்டா யூரிசூ என்ற செவிலியரும், பிறந்தது முதலே தாயின் மார்பில் குழந்தையைச் சேர்க்கத் தொடங்கினர். 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுள் முன்பு நூற்றுக்கு 10 பிழைத்த இடத்தில், பின்பு 50 பிழைத்தன என்று 1994-இல் அறிவித்தனர். பெட்டி இல்லாத இடத்தில் தாயே பெட்டியானாள்.

பொகோட்டாவிலும் வைட்லாவின் வினாவுக்குத் தக்க விடை தேடினர். நத்தாலி ஷர்பாக் என்னும் பெண் மருத்துவரின் தலைமையில் 1993, 1994 ஆகிய ஆண்டுகளில் 2,000 கிராமுக்கு மேற்படாத 746 குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். எந்தக் குழந்தை தாயின் மார்புக்கு, எது பழைய முறைக்கு என்பதை மருத்துவர் விருப்பத்திற்கு விடாமல், திருவுளச் சீட்டுப் போடுவதுபோல் முடிவு செய்தனர். இரு தரப்பும் ஒத்த நிலையில் தொடங்கினால்தான் முடிவில் காணும் வேற்றுமைக்கு முறையே காரணம் என்று சொல்லக்கூடும். அக்குழந்தைகளுள் 1,800 கிராமுக்கு உட்பட்டவர்களை 20 ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் தேடிச் சென்றனர். 264 பேரைக் கண்டு சோதித்தனர். 2017-இல் வெளிவந்த முடிவின்படி, பழைய முறையில் வளர்ந்த தரப்பில் நூற்றுக்கு 7.7 பேர் இறந்திருக்க, தாயின் மார்பில் வளர்ந்த தரப்பில் 3.5 பேரே இறந்திருந்தனர். மேலும் இவர்கள் பள்ளிக்குத் தவறிய நாட்கள் குறைவு. முரட்டுத்தனமும் அடங்காமையும் குறைவு. கைக்குழந்தையில் சில வாரம் பெற்ற அணைப்பின் சுவடு வாலிபத்திலும் காணப்பட்டது.

இதற்கிடையே 1996-இல் இத்தாலியின் டிரியெஸ்டே நகரில் பல நாட்டு மருத்துவர் கூடி இம்முறையின் பெயரையும் இலக்கணத்தையும் வகுத்தனர். 2003-இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. நம் நாட்டில் 1990-களிலிருந்தே சில பெரிய மருத்துவமனைகள் இதைக் கையாளலாயின. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் நாடு முழுமைக்கும் செயல்முறை நெறிகளை வகுத்தளித்தது.

அடுத்து நிகழ்ந்த இரண்டு ஆய்வுகளில் நம் நாட்டின் பங்கு பெரிது. முதலாவது ஹரியானாவில் 2015 முதல் 2018 வரை நடந்தது. அங்கே எடுத்துக்கொண்டவை மருத்துவமனைக் குழந்தைகளல்ல; கிராமத்து வீடுகளில் இருந்த 1,500 முதல் 2,250 கிராம் வரையிலான குழந்தைகள். 8,402 குழந்தைகள் இவ்வாய்வில் சேர்ந்தன. பயிற்சி பெற்ற பணிப்பெண்கள் வீடுதோறும் சென்று, தாய்க்கும் குடும்பத்தாருக்கும் இம்முறையைக் கற்பித்தனர். கற்பிக்கப்பட்ட தரப்பில் 6 மாதத்திற்குள் நேரும் சாவு நான்கில் ஒரு பங்கு குறைந்ததென 2019-இல் தெரியவந்தது. குளிர்காலத்தில் வடநாட்டுக் கிராமத்துக் குடிசையில், கூடுதலாக எந்தக் கருவியும் இன்றி, இஃது இயன்றது என்பதை நாம் கருதவேண்டும்.

இரண்டாவது ஆய்வு பழைய விதி ஒன்றையே மாற்றிவிட்டது. ரே தொடங்கியது முதல், குழந்தையின் நிலை சீர்பட்ட பின்னரே தாயின் மார்புக்கு என்பதே பெரும்பாலான இடங்களில் வழக்கமாயிருந்தது. ஆனால் இறக்கும் குறைமாதக் குழந்தைகளுள் பெரும்பாலானவை சீர்படுமுன்னரே இறந்துவிடுகின்றன. அவற்றுக்கு அம்முறை எட்டாக் கனியே. ஆகவே, காத்திராமல் பிறந்தவுடனே சேர்த்தால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் ஆராயப் புகுந்தது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் நாட்டுக்கொரு மருத்துவமனையில் இது நடந்தது. இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்டது தில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனை. சரோஜினி நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறிந்த மருத்துவமனை அது.

இவ்வாய்வுக்காகத் தீவிர சிகிச்சை அறையின் அமைப்பையே மாற்றவேண்டியதாயிற்று. குழந்தைக்குரிய கருவிகளுக்கு நடுவே தாய்க்கும் கட்டில் போட்டனர். அறுவையால் பிள்ளை பெற்ற தாயாயினும், அவளைப் பார்க்கும் மருத்துவரும் செவிலியரும் அங்கேயே வந்து பார்த்தனர். தாய் எழ முடியாத வேளையில் உறவினர் ஒருவர் அவளுக்குப் பதிலாகக் குழந்தையை மார்பில் தாங்கினார். 1,000 கிராமுக்குக் குறையாமலும் 1,800 கிராமை எட்டாமலும் இருந்த 3,211 குழந்தைகள் இவ்வாய்வில் இருந்தன. முடிவு 2021-இல் வெளிவந்தது. சீர்பட்டபின் சேர்த்த தரப்பில் முதல் 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 15.7 இறந்தன, பிறந்தவுடன் சேர்த்த தரப்பில் 12 இறந்தன. 27 குழந்தைகளை இவ்வாறு உடனே தாயிடம் சேர்த்தால், இல்லையேல் இழந்திருக்கும் ஓர் உயிர் மிஞ்சும் என்பது இதன் பொருள். நன்மை இவ்வளவு தெளிவாகப் புலப்பட்டபின் மற்றத் தரப்பினருக்கு அதை மறுப்பது அறமாகாது என்று, குறித்த காலத்திற்கு முன்னரே ஆய்வை நிறுத்திவிட்டனர். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் விதியைத் திருத்தியது. மூச்சுக்குக் கருவியின் துணை வேண்டியவை போன்ற சில குழந்தைகள் நீங்கலாக, ஏனைய குறைமாதக் குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயின் மார்பில் சேர்க்கவேண்டும். ஒரு நாளைக்கு 8 மணி முதல் 24 மணி வரை, இயன்ற அளவு நீண்ட நேரம் அவ்வாறு வைத்திருக்கவேண்டும் என்பதே அத்திருத்தம்.

தாயின் மார்பு இத்தனையும் செய்வது எவ்வாறு? நாம் முன்னர்க் கூறிய மூன்று பகைகளையும் நினைவுகூர்க. தோலோடு தோல் படும்பொழுது தாயின் உடல்வெப்பம் நேரே குழந்தைக்குச் செல்கிறது, குளிர் விலகுகிறது. முலை அருகிலேயே இருப்பதால் பால் சுரப்பது மிகுகிறது. குழந்தை சிறிது சிறிதாக அடிக்கடி பருகக் கற்கிறது. தாயின் தோலிலுள்ள தீங்கற்ற நுண்ணுயிர்கள் குழந்தையின் உடலில் முதலில் குடியேறுகின்றன. பலர் கைபடுவதும் குறைகிறது. ஆகவே மருத்துவமனையின் கொடிய கிருமிகளுக்கு இடம் குறைகிறது. அன்றியும், தாயின் மூச்சும் நெஞ்சின் அசைவும் படப்படக் குழந்தையின் மூச்சு ஒழுங்குபடுகிறது. எந்நேரமும் குழந்தையைக் கண்டுகொண்டிருக்கும் தாய், அதன் நிறமாற்றத்தையும் சோர்வையும் எவரினும் முந்தி அறிகிறாள்.

செய்யும் முறையும் அரிதன்று. ஆயினும் செவிலியரிடம் ஒருமுறை கற்றே செய்யவேண்டும். குழந்தை நிமிர்ந்தவாறு மார்பில் பொருந்தியிருக்க, தலை ஒருபுறம் திரும்பி, முகவாய் சற்றே உயர்ந்திருத்தல் வேண்டும். கழுத்து முன்புறம் மடங்கினால் மூச்சு தடைப்படும். கால்கள் தவளையின் கால்போல் மடங்கி அகன்றிருக்கும். தலையில் குல்லாய், காலில் உறை; சுற்றிலும் மெத்தென்ற துணிக்கட்டு. தாய் சாய்ந்தவாறு உறங்கலாம், எழுந்து நடக்கலாம். உறிஞ்ச இயலாத குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் புகட்டவேண்டும். அதற்கு வடநாட்டு மருத்துவமனைகளிலும் கையாளும் சிறு பாத்திரம் எது தெரியுமா? நம் பாட்டிமார் கைக்குழந்தைக்குப் பால் புகட்டிய மூக்குள்ள சிறு கிண்ணமாகிய பாலாடையே. இந்திய மருத்துவர் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளிலும் அது பாலாடை என்ற பெயரோடே வழங்குகிறது. மொழி அறியாத ஊரில் மருத்துவமனைக்குள் நுழையும் தமிழ்ப் பெண்ணுக்குத் தெரிந்த சொல் ஒன்று அங்கே முன்னரே சென்று காத்திருக்கிறது.

இவ்விடத்தில் பிற மாநிலங்களில் வாழும் நம்மவருக்குச் சிறப்பாகச் சில சொல்ல விழைகிறோம். முதற் பேற்றுக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து, ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ ஊருக்குப் புறப்பட எண்ணிப் பயணச்சீட்டும் வாங்கி வைத்திருப்போம். குறைமாதப் பேறு அந்நாள் வரும்வரை காத்திராது. நாக்பூரிலோ, கான்பூரிலோ, சூரத்திலோ திடீரென்று நோவு கண்டு, அன்றிரவே குழந்தை பிறந்துவிடலாம். தாயார் இரயிலேறி வந்து சேர இரண்டு நாளாகும். கணவனும் மனைவியும் தவிர அருகில் யாருமில்லை. மருத்துவர் சொல்வது பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை. குழந்தையை உள்ளே கொண்டு சென்று கதவைச் சார்த்திவிட்டால், "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நாம் என்ன செய்யக் கிடக்கிறது?" என்று வெளித்தாழ்வாரத்தில் அமர்ந்துவிடுவதே இயல்பு.

அவ்வாறு அமர்ந்துவிடலாகாது என்பதையே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. "குழந்தையை நான் மார்பில் வைத்துக்கொள்ளலாமா? எப்பொழுது முதல்? எவ்வளவு நேரம்?" என்று அறிந்த மொழியில், அறியாவிடில் அண்டை வீட்டாரைத் துணைகொண்டு, கேட்கவேண்டும். கேட்பது மருத்துவரை எதிர்ப்பதாகாது. நாட்டின் சுகாதார நெறியும் உலக நிறுவனத்தின் விதியும் அதற்குத் துணைநிற்கின்றன. தாய்க்கு உடல் தேறாதிருந்தால் தந்தை தாங்கலாம். ஆணின் மார்பிலும் வெப்பம் உண்டு. பிள்ளையைத் தொடுவது பெண்டிர் வேலை என்று ஒதுங்கும் பழக்கமுடைய குடும்பத்திலும், இருவர் மட்டுமே உள்ள அயலூரில் அவ்வொதுக்கத்திற்கு இடமில்லை. ஊரிலிருந்து வந்துசேரும் பாட்டியும் முறைமாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்கு வேண்டுவது இடைவிடாத மார்பு. அம்மார்பு பலர் தந்ததாக இருக்கலாம்.

கருவி வேண்டாமென்று சொல்வதாக எவரும் நம்மைத் தவறாகக் கொள்ளலாகாது. மூச்சுத் திணறும் குழந்தைக்குப் பிராணவாயுவும், கிருமி கண்ட குழந்தைக்கு மருந்தும், மிகச் சிறு குழந்தைக்கு அடைகாப்புப் பெட்டியும் இன்றியமையாதவை. சப்தர்ஜங்கில் தாயின் கட்டில் கருவிகளுக்கு நடுவேதான் இடப்பட்டது. டார்னியேயின் பெட்டியையும் ரேயின் துணிக்கட்டையும் எதிரெதிரே நிறுத்தி வழக்காடுவதில் பயனில்லை. கருவியும் தாயும் ஒரே அறையில் இருக்கவேண்டும் என்பதே 140 ஆண்டு முயற்சியின் முடிவு. புதேன் 1900-இல் கட்டிலருகே பெட்டி என்றார். 2021-இல் பெட்டியருகே கட்டில் வந்தது.

எனினும் விதி வேறு, நடைமுறை வேறு. இடநெருக்கடியாலும், செவிலியர் பற்றாக்குறையாலும், பழைய பழக்கத்தாலும் தாயை வெளியே நிறுத்தும் மருத்துவமனைகள் இன்னும் உள. தாய்க்கு ஒரு கட்டில், சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி, மறைவுக்கு ஒரு திரை, வேளைக்கு உணவு ஆகியவற்றை அளிப்பது பெருஞ்செலவன்று. அவை இல்லாத இடத்தில், தாய்மார் கேட்கக் கேட்கவே அவை உண்டாகும். கேட்கும் தாய்மாருள் நம் தமிழ்ப் பெண்களும் இருப்பார்களாக. குழந்தை மருத்துவமனையின் பொறுப்பில் இருக்கும் அந்த வாரங்களிலும் அது அவர்களுடைய குழந்தையே. அதற்கு வேண்டிய மருந்துகளுள் ஒன்று அவர்களிடமே இருக்கிறது.